கோவில் மலைக் கல்லும் கரும்புத் தோட்டக் கல்லும்: மொரிசியஸின் இளம் காரப் பாறைகள் எங்கிருந்து வந்தன?

மொரிசியஸில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "காத்ர் போர்னில் முருகன் கோவில் இருக்கும் கோர் தெ கார்ட் மலைக் கல்லும், அடிவாரக் கரும்புத் தோட்டங்களில் குவித்து வைத்திருக்கும் கல்லும் எரிமலைக் கல்தான் என்கிறார்கள். ஆனால் மலையில் இருப்பது பழையது, தோட்டத்தில் இருப்பது இளையது, அது காரத்தன்மை கொண்ட பசால்ட் என்ற எரிமலைக் கல் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரே தீவின் கல் ஏன் இரண்டு விதம்? அந்தக் காரம் எங்கிருந்து வந்தது? த்ரு ஓ சேர் எரிமலை மறுபடியும் வெடிக்குமா அண்ணா?"

நல்ல கேள்வி. காவடிக்கு மலையேறுகிற ஆயிரக்கணக்கானவர்கள் தொட்டுக்கொண்டு போகும் பாறை அது. ஆழ்துளைக் கிணறு போடும்போது வெளியே வரும் கல்துகள்களைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் நான் பல வருடம் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பொதுவாக எரிமலை நாட்டில் பழைய கல் அடியிலும் புதிய கல் மேலேயும் கிடக்கும். மொரிசியஸில் கண்ணுக்குத் தெரிவது தலைகீழ். மலை உச்சிகள் பழையவை, சமவெளி இளையது. முதலில் கடலடியிலிருந்து கேடயம் கவிழ்த்த மாதிரி ஒரு பெரிய எரிமலை எழுந்தது. பிறகு அதன் நடுப்பகுதி உள்ளே சரிந்தது. மீதியை மழையும் ஆறுகளும் லட்சக்கணக்கான ஆண்டுகள் அரித்தன. அரிபடாமல் நின்ற விளிம்புத் துண்டுகள்தான் கோர் தெ கார்ட், லெ பூஸ், பீட்டர் போத், தெற்கே லெ மோர்ன், கிழக்கே லயன் மலை எல்லாம். வெகுகாலம் கழித்துத் தீவின் நடுவில் புதிய வாய்கள் திறந்தன. அவற்றிலிருந்து ஓடிய லாவா பழைய மலைகளுக்கு இடையே இருந்த பள்ளங்களை நிரப்பிக்கொண்டு கடல்வரை போனது. 1836 மே மாதம் இங்கே வந்த சார்லஸ் டார்வின் லெ பூஸ் மேல் ஏறிப் பார்த்துவிட்டு, சுற்றி நிற்கும் மலைகள் ஒரு பெரிய எரிமலையின் இடிந்த மிச்சம் என்றே எழுதினார். கையில் ஒரு சுத்தியலும் நல்ல கண்ணும் மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனதை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது.

வயது பிறகுதான் கிடைத்தது. பொட்டாசியத்தின் ஒரு வகை அணு மெல்ல மெல்லச் சிதைந்து ஆர்கான் வாயுவாக மாறும். கல்லுக்குள் எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அந்த லாவா எப்போது உறைந்தது என்று சொல்லலாம். மக்டூகல், சமலான் என்ற இருவர் இந்த முறையில் செய்த அளவீடுகள் 1969இல் வெளிவந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றைத் திருத்தி விரிவாக்கினார்கள். இன்று ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: பழைய வரிசை 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 47 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அப்புறம் பத்து லட்சம் ஆண்டுக்கும் மேல் அமைதி. 35 லட்சத்திலிருந்து 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை நடு வரிசை. மறுபடியும் ஓர் இடைவெளி. கடைசியாக இளைய வரிசை, சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை வந்தது. கியூர்பீப்பில் இருக்கும் த்ரு ஓ சேர், கங்கா தலாவ் ஏரி நிற்கும் கிராண்ட் பாசென் பள்ளம், கனகா, பாசென் பிளான் எல்லாம் தீவைக் குறுக்கே வெட்டும் ஒரே வரிசையில் திறந்த இளைய வாய்கள்.

சரி, இரண்டு கல்லையும் கையில் எடுத்துப் பாருங்கள். கரும்புத் தோட்டத்துக் கல்லை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம், சின்னச் சின்ன வாயுத் துளைகள், இடையிடையே பச்சைக் கண்ணாடித் துணுக்கு மாதிரி மின்னும் மணிகள் தெரியும். அவை ஒலிவின் படிகங்கள். வெயிலும் மழையும் பட்ட பக்கத்தில் அதே மணிகளின் ஓரம் துருப்பிடித்த செம்பழுப்பாக மாறியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரே மணியில் நடுவில் பச்சை, சுற்றிலும் பழுப்பு என்று இரண்டையும் பார்க்கலாம். மலைக்கல் வேறு முகம். பல இடங்களில் வெளுத்த தட்டையான ஃபெல்ஸ்பார் படிகங்கள் அதில் தெரியும். பழைய வாயுத் துளைகளில் சியோலைட், கால்சைட் என்று வெள்ளைக் கனிமங்கள் பின்னால் வந்து அடைத்திருக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகள் உள்ளே தண்ணீர் ஊறிப் போனதன் தழும்பு அது. கிணற்றுத் துகளில் இந்த வெள்ளை அடைப்பு வரத் தொடங்கினால் பழைய வரிசையைத் தொட்டுவிட்டோமோ என்று பார்ப்போம். அதற்கு மேலிருக்கும் துளைகள் நிறைந்த இளம் லாவாவில்தான் தண்ணீர் நன்றாக ஓடும்.

இனி காரம். இது சோப்புத் தண்ணீரின் காரமோ மிளகாயின் காரமோ இல்லை. பாறையில் இருக்கும் சிலிக்காவோடு (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) ஒப்பிடும்போது சோடியமும் பொட்டாசியமும் அதிகமாக இருந்தால் அதைக் காரப் பாறை என்கிறோம். ஒப்பீடுதான் முக்கியம். கடல் நடுவில் தட்டுகள் பிரியும் இடத்தில் வரும் சாதாரண பசால்ட்டில் சிலிக்கா நூற்றுக்கு 50 பங்கு அளவில், பொட்டாசியம் ஆக்சைடு 0.1, 0.2 என்ற அளவில் இருக்கும். கார பசால்ட்டில் பொட்டாசியம் ஆக்சைடு 1 பங்கை எட்டும். சிலிக்காவோ பெரும்பாலும் 45ஐ ஒட்டி, பாசனைட் போன்ற வகைகளில் அதற்கும் கீழே இருக்கும். இந்தப் பற்றாக்குறை படிகத்திலேயே தெரியும். ஆல்பைட் என்ற ஃபெல்ஸ்பார் உருவாக ஒரு சோடியம் அணுவுக்கு மூன்று சிலிக்கான் அணு வேண்டும். அவ்வளவு கிடைக்காத குழம்பில் சோடியம் ஒன்றே ஒன்றோடு திருப்திப்பட்டு நெஃபெலின் என்ற கனிமமாக உறையும். ஆகவே நெஃபெலினும், மிஞ்சிய சிலிக்கா தனியாக உறைந்த குவார்ட்சும் ஒரே குழம்பில் சேர்ந்து படிகமாகாது. நெஃபெலினைப் பார்த்தாலே அந்தக் குழம்பு சிலிக்காவுக்கு ஏங்கிக் கிடந்தது என்று அறியலாம்.

தமிழ்நாட்டில் காங்கேயம் பக்கத்துச் சிவன்மலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கேயும் மலைமேல் முருகன்தான். அந்த மலையின் கல் நெஃபெலின் சயெனைட் என்ற பாறை, கார வகை. ஆனால் சுமார் 60 கோடி ஆண்டு பழையது, பூமிக்கு அடியிலேயே உறைந்தது. காரப் பாறை என்பது மொரிசியஸுக்கு மட்டும் உரிய அதிசயம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

காரம் எப்படி வந்தது என்பதற்குப் பூமியின் உள்ளே போக வேண்டும். நம் காலுக்குக் கீழே பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் மேன்டில் என்ற அடுக்கு குழம்பு இல்லை, திடமான பாறை. ஆனால் மிகச் சூடான பாறை. அது மேலே எழும்பும்போது அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் உருகுநிலையும் இறங்கும். வேறு சூடு எதுவும் ஏற்றாமலே அது உருகத் தொடங்கும். முழுவதும் உருகாது. படிகங்களின் விளிம்பில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று கசியும். எவ்வளவு கசிந்தது, எந்த ஆழத்தில் கசிந்தது என்ற இரண்டும்தான் பாறையின் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

பொட்டாசியம், ருபிடியம், பேரியம், லாந்தனம் போன்றவற்றுக்கு மேன்டில் படிகங்களில் உட்கார இடம் போதாது. அணு பெரியது, அல்லது மின்னேற்றம் பொருந்தாது. முதல் துளி குழம்பு உண்டானதும் அவை அதற்குள் ஓடிவிடும். ஆகவே குறைவாக உருகினால் அந்தக் கொஞ்சம் குழம்பில் அவை செறிந்திருக்கும். நிறைய உருகினால் நீர்த்துப்போகும். ஆழத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. அதிக அழுத்தத்தில் ஆர்த்தோபைராக்சீன் என்ற கனிமம் உருகாமல் தாக்குப்பிடிக்கும். அதன் உடம்பிலேயே நிறைய சிலிக்கா தங்கிவிடுவதால் குழம்புக்குச் சிலிக்கா குறையும். கார்பன் டைஆக்சைடு கலந்திருந்தால் இன்னும் குறையும். சுமார் 80 கிலோமீட்டருக்கும் கீழே கார்னெட் என்ற கனிமம் வேறு இருக்கிறது. அது இட்டெர்பியம் போன்ற கனமான அரிய மண் தனிமங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லாந்தனத்தை விட்டுவிடும். அதனால் ஒரு கல்லில் லாந்தனம் ஏறியும் இட்டெர்பியம் இறங்கியும் இருந்தால் அதன் குழம்பு கார்னெட் இருக்கும் ஆழத்திலிருந்து வந்தது என்று படிக்கலாம். நம்முடைய நடு வரிசைக் கற்களில் பாசனைட், நெஃபெலினைட் என்று சிலிக்கா மிகக் குறைந்த வகைகள் கிடைக்கின்றன. மிகக் கொஞ்சமாக, மிக ஆழத்தில் உருகிய குழம்பு. இளைய வரிசை அந்த அளவுக்குத் தீவிரம் இல்லை. மிதமான கார பசால்ட். அதற்கு முன் கேடயத்தைக் கட்டிய பழைய வரிசை, கார பசால்ட்டுக்கும் சாதாரண பசால்ட்டுக்கும் நடுவில் நிற்கும் பசால்ட். அன்று அதிகம் உருகியது, குழம்பு பெருக்கெடுத்தது.

இதுவரை நேராகத்தான் போகிறது. இந்தக் கற்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு இனிமேல்தான்.

இளைய கற்களில் லாந்தனம், நியோபியம், பேரியம் எல்லாம் ஏராளமாக இருப்பதைப் பார்த்தால், அவை வந்த மேன்டிலும் இவற்றில் செழிப்பானது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஐசோடோப்பு அளவீடு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்களின் விகிதத்தை அளப்பது, நேர் எதிராகச் சொல்கிறது. ருபிடியத்தின் ஒரு வகை அணு ஸ்ட்ரான்சியம் 87 ஆகச் சிதைகிறது. பாதி சிதையவே சுமார் 5,000 கோடி ஆண்டு ஆகும். ஒரு மேன்டில் பகுதியில் நெடுங்காலமாக ருபிடியம் அதிகம் இருந்திருந்தால் ஸ்ட்ரான்சியம் 87இன் விகிதம் ஏறியிருக்கும். சமாரியம் சிதைந்து நியோடிமியம் ஆவதிலும் இதேபோல ஒரு கணக்கு உண்டு. உருகுவதோ படிகமாவதோ இந்த விகிதங்களை மாற்றாது. மூலப் பாறையின் நெடுங்கால வரலாறு அப்படியே கல்லுக்குள் வரும். மொரிசியஸின் பழைய வரிசைக் கற்களின் விகிதம் பக்கத்து ரீயூனியன் தீவின் லாவாவோடு ஒத்துப்போகிறது. நடு, இளைய வரிசைகளில் ஸ்ட்ரான்சியம் விகிதம் சற்றுக் குறைவு, நியோடிமியம் விகிதம் சற்று அதிகம். வித்தியாசம் நான்காவது தசம இடத்தில்தான், ஆனாலும் அளவீட்டுப் பிழையைத் தாண்டியது. அதன் பொருள், இளைய குழம்பின் மூலம் இந்தத் தனிமங்களில் பழையதைவிட ஏழை. ஏழை மூலத்திலிருந்து செழித்த குழம்பு எப்படி வரும்?

ஒரு முறை பிழிந்த புளியைத் தூக்கிப் போடாமல், அதில் ஒரே ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தால் என்ன ஆகும்? வருவது கொஞ்சம்தான், ஆனால் நன்றாகவே புளிக்கும். நிறையத் தண்ணீர் விட்ட புதுப் புளிக் கரைசலைவிடக்கூடப் புளிப்பாக இருக்கலாம். இங்கே நடந்ததும் அதுதான். மூலம் ஏழையானாலும் மிகக் குறைவாக உருகியதால் முதல் கசிவில் அத்தனையும் வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் கேள்விக்கு என் பதிலை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: இளம் கல்லின் காரச் செழிப்பு மூலத்தின் செல்வத்தால் வந்ததைவிட, உருகிய அளவின் சிறுமையால் வந்தது அதிகம். ஹவாயிலும் இதே முடிச்சு இருக்கிறது. ஓவாஹு தீவின் பெரிய எரிமலை அடங்கி, அரிபட்டு, வெகுகாலம் கழித்து வெளிவந்த ஹொனலுலு வரிசை லாவாவும் தனிமங்களில் செழிப்பு, ஐசோடோப்பில் ஏழை.

அந்தக் குறைந்த உருகல் ஏன் நடந்தது? ரீயூனியனுக்கு அடியில் ஆழத்திலிருந்து எழும் சூடான தூண் ஒன்று இருக்கிறது. அதன் மேல் கடல்தட்டு நகர்ந்துகொண்டே போகிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா அதன் மேலே இருந்தபோது தக்காணத்து லாவா வெள்ளம் கொட்டியது. அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்தது அந்தப் பாறையில்தான். பிறகு லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தடம் தெற்கே வந்து, மொரிசியஸ் வழியாக இன்று சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி ரீயூனியனில் நிற்கிறது. அப்படியானால் தூணை விட்டு விலகிப் போன மொரிசியஸ் ஏன் மறுபடி மறுபடி குழம்பைக் கக்கியது? இரண்டு விளக்கங்கள் முன்னால் நிற்கின்றன. ஒன்று, ரீயூனியன் என்ற பெரும் பாரம் வளர்ந்து கடல்தட்டை அமுக்கியதால், கொஞ்சம் தூரத்தில் தட்டு வளைந்து மேலே எழும்பியது. அந்த எழும்பலில் மொரிசியஸுக்கு அடியில் அழுத்தம் குறைந்து கொஞ்சம் உருகியது. இன்னொன்று, தூணிலிருந்து பக்கவாட்டில் பரவிய பொருள் தட்டின் அடியில் ஓடி, போகிற வழியில் மெல்ல உருகியது. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம். சூடான தூண் பொருளும் அதைச் சூழ்ந்த ஏழை மேன்டிலும் கலந்த மாதிரி ஐசோடோப்பு இருப்பதற்கு அதுவே பொருந்துகிறது.

தக்காணத்திலும் இதே பாடம்தான். பெரும் வெள்ளமாக வந்த லாவா காரம் குறைந்த தோலெயிட் வகை. அதற்கு முன்னால், ராஜஸ்தானின் முந்த்வாரா, சர்னு பகுதிகளில் வந்த சிறிய கசிவுகள் கார வகை. பெரிய உருகல் தொடங்குமுன் ஓரத்தில் சின்ன உருகல்.

குழம்பு உண்டானபின் நடக்கும் மாற்றம் தனிக் கதை. வழியில் ஓர் அறையில் தங்கி ஆறத் தொடங்கினால் முதலில் ஒலிவின் படிகமாகிக் கீழே இறங்கும். அது மக்னீசியத்தையும் நிக்கலையும் எடுத்துக்கொண்டு போகும். அடுத்து கிளினோபைராக்சீன், பிளாஜியோகிளேஸ். பின் இரும்பும் டைட்டானியமும் கொண்ட ஆக்சைடுகள், அப்படைட். ஒவ்வொரு படிகமும் தன் பங்கைக் கழிக்கக் கழிக்க, மிச்சக் குழம்பில் சிலிக்காவும் சோடியமும் பொட்டாசியமும் ஏறும். பசால்ட் ஹவாயைட் ஆகி, முகியரைட் ஆகி, பென்மோரைட் ஆகி, கடைசியில் வெளிர் நிற டிரக்கைட் ஆகும். இந்தப் படிக்கட்டை முழுதாகப் பார்க்க ரீயூனியனின் பிட்டோன் தெ நேஜ் மலைக்குப் போங்கள். 3,000 மீட்டரைத் தாண்டும் அந்த மலைக்கு அடியிலிருந்து வரும் குழம்பு சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குறையத் தொடங்கியபின், மீந்தது அறையில் தங்கிப் படிப்படியாக மாறியது. பக்கத்துப் பிட்டோன் தெ லா ஃபுர்னேஸ் இன்னும் இளமை. அங்கே பெரும்பாலும் பசால்ட்தான். 2007 ஏப்ரலில் உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கும் மேல் இறங்கிய அந்த வெடிப்பில், அடியில் சேர்ந்து கிடந்த ஒலிவினையும் வாரிக்கொண்டு லாவா கடலில் விழுந்தது.

நம் இளைய வரிசையில் இந்தப் படிக்கட்டு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கொஞ்சமாக வந்த குழம்பு தங்குவதற்கு அறை இல்லாமல் விரைவாக மேலே வந்துவிட்டது. தோட்டத்துக் கல்லில் அந்தப் பச்சை மணிகள் இன்னும் இருப்பதே அதற்கு அடையாளம். பழைய வரிசையில் மட்டும் சில டிரக்கைட் பாறைகள் உண்டு. அதில் ஒன்றைத்தான், சுமார் 57 லட்சம் ஆண்டு வயதுள்ளதை, ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்து லூயிஸ் ஆஷ்வாலும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில் 250 கோடி முதல் 300 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் மணிகள் கிடைத்திருந்தன. கல்லைவிட மணி நூற்றுக்கணக்கான மடங்கு பழையது! இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது நடுவில் சிக்கிய ஒரு பழைய கண்டத்துண்டு மொரிசியஸுக்கு அடியில் இருக்கிறது, மேலே வந்த குழம்பு அதை உரசிக்கொண்டு வந்தது என்பது அவர்கள் முடிவு. எனக்கு இது நம்பத்தக்கதாகவே படுகிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு மொரிசியஸின் காரமே அந்தக் கண்டத்துண்டிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். கண்டப் பாறை கலந்திருந்தால் சிலிக்காவும் ஸ்ட்ரான்சியம் விகிதமும் ஏற வேண்டும். இளைய கற்களில் இரண்டும் இறங்கித்தான் இருக்கின்றன.

கடைசியாக த்ரு ஓ சேர். செத்துப்போன எரிமலை என்று நான் சொல்ல மாட்டேன். இந்தத் தீவு ஒரு முறை பத்து லட்சம் ஆண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்துவிட்டு எழுந்திருக்கிறது. சில பத்தாயிரம் ஆண்டு அமைதி அதன் முன் ஒன்றுமே இல்லை. அதே சமயம், இன்று அது விழிக்கப்போவதற்கான அறிகுறி எதுவும் இல்லை. கியூர்பீப்பில் வீடு கட்டுகிறவர் இதற்காகத் தூக்கத்தை விட வேண்டியதில்லை. எப்போதாவது வந்தால், முன்பு போலச் சிறிய வாய் ஒன்று திறந்து லாவா ஓடும் வகையாகத்தான் அது இருக்கும். முதலில் ஆழத்தில் சின்னச் சின்ன நில அதிர்வுகள் தொடர்ந்து பதிவாகும். அப்படி வெளிவரும் கல்லை யாராவது உடைத்துப் பார்த்தால், உள்ளே பெரும்பாலும் அதே பச்சை மணிகள்தான் இருக்கும்.